சயன்ஸ் பாடமும் ஊருணித் தண்ணீரும்

நம் நாட்டுப் பள்ளிக்கூடங்களில் வருஷத்திற்கு இரண்டு நாள் கொண்டாடப்படுகிறது. ஒன்று பிப்ரவரி 28-ந் தேதி. அதற்குத் தேசிய அறிவியல் நாள் என்று பெயர். ஸர் சி. வி. ராமன் அவர்கள் ஒளிச்சிதறலைப் பற்றிய தமது கண்டுபிடிப்பை 1928-ல் அந்தத் தேதியில் வெளியிட்டார் என்பதற்காக 1987 முதல் அது கொண்டாடப்பட்டு வருகிறது. மற்றொன்று ஜூன் 5-ந் தேதி. அதற்கு உலகச் சுற்றுச்சூழல் நாள் என்று பெயர். 1972-ல் ஸ்டாக்ஹோம் நகரில் கூடிய ஐக்கிய நாடுகள் மாநாட்டை ஒட்டி அது ஏற்பட்டது. முதல் நாளில் பிள்ளைகள் அட்டையில் எரிமலை செய்து, சோடா உப்பில் வினிகரை ஊற்றிப் பொங்க வைக்கிறார்கள். இரண்டாவது நாளில், போன வருஷம் வெட்டிய அதே குழியில் இந்த வருஷமும் ஒரு கன்றை வைத்துப் போட்டோ எடுத்துக்கொள்ளுகிறார்கள். இந்த இரண்டு நாளைக்கும் என்ன சம்பந்தம் என்று எந்தப் பிள்ளையாவது கேட்டதுண்டா? கேட்கும்படி எந்த உபாத்தியாயராவது தூண்டியதுண்டா?

இந்தச் சம்பந்தம் நாம் வலிந்து கற்பித்துக் கொள்ளுவதல்ல. 1976-ல் அரசியல் சட்டத்திற்கு 42-வது திருத்தம் செய்தபோது, குடிமக்களின் கடமைகள் என்று 51-ஏ என்னும் ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். அதில் காடு, ஏரி, ஆறு, வனவிலங்கு முதலியவைகளைக் காப்பாற்றுவதும், உயிர்களிடத்தில் இரக்கம் காட்டுவதும் கடமை என்று ஓர் உட்பிரிவு சொல்லுகிறது. அதற்கு அடுத்த உட்பிரிவே விஞ்ஞான மனப்பான்மையையும், மனிதாபிமானத்தையும், ஆராய்ந்து பார்த்துச் சீர்திருத்தும் குணத்தையும் வளர்த்துக் கொள்ளுவது கடமை என்கிறது. இரண்டும் பக்கத்துப் பக்கத்து வீடுகள். ஆனால் நடுவில் நம்மவர்கள் ஒரு மதில் எழுப்பி வைத்திருக்கிறார்கள். 1991-ல் எம். சி. மேத்தா அவர்கள் தொடுத்த வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்க வேண்டுமென்று உத்தரவிட்ட பிறகு, காலேஜுகளில் கூட அதற்கொரு புஸ்தகமும் அதற்கொரு பரீட்சையும் வந்துவிட்டன. மாணாக்கர்களும் பாஸ் செய்து வருகிறார்கள். ஊருணி மாத்திரம் பாஸ் செய்யவில்லை.

உபாத்தியாயர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் காலேஜுகளில் இந்த விஷயமாய் ஆராய்ச்சி செய்வது ஒரு வழக்கமாய் இருந்து வருகிறது. மாணாக்கர்களுக்குச் சயன்ஸில் எவ்வளவு பற்று இருக்கிறது என்பதற்கு ஒரு கேள்வித்தாள். சுற்றுச்சூழலைப் பற்றி அவர்கள் மனப்பான்மை எப்படி என்பதற்கு மற்றொரு கேள்வித்தாள். ஒவ்வொரு வாக்கியத்திற்கும் எதிரே "முழுவதும் ஒப்புகிறேன்" என்பது முதல் "முழுவதும் மறுக்கிறேன்" என்பது வரை ஐந்து கட்டங்கள். இம்முறையை 1932-ல் அமெரிக்காவில் லைக்கர்ட் என்பவர் வகுத்தார். பிள்ளைகள் குறி போட்டவுடன் எண்களைக் கூட்டி, ஒன்று ஏறினால் மற்றதும் ஏறுகிறதா, இறங்குகிறதா என்று கணக்குப் பார்க்கிறார்கள். முழுவதும் ஒன்றாய் ஏறினால் ஒன்று. சம்பந்தமே இல்லாவிட்டால் சைபர். ஒன்று ஏற மற்றது இறங்கினால் மைனஸ் ஒன்று. இப்படிக் கணக்குப் பார்ப்பதை நாம் வரவேற்கிறோம். ஆனால் எதைக் கணக்குப் பார்த்தோம் என்பதை முதலில் கேட்க வேண்டாமா? "மரங்களைக் காக்க வேண்டும்" என்று அச்சடித்துப் பிள்ளையின் முன்னே நீட்டினால், எந்தப் பிள்ளை "மறுக்கிறேன்" என்று எழுதும்? வாத்தியார் எந்த விடையை விரும்புவார் என்று தெரியாத பிள்ளை நம் நாட்டில் ஐந்தாவது வகுப்பைத் தாண்டியிருக்க முடியாது.

மற்றொன்று. சயன்ஸில் பற்று என்பது ஒரே சரக்கல்ல. ஆஸ்திரேலியாவில் பிரேசர் என்பவர் செய்த கேள்வித்தாள் ஒன்று உலகமெங்கும் வழங்குகிறது. அதில் 70 வாக்கியங்கள். அவற்றை ஏழு தொகுதியாய்ப் பிரித்திருக்கிறார். சயன்ஸ் வகுப்பு இன்பமாயிருக்கிறதா என்பது ஒரு தொகுதி. சயன்ஸ் சம்பந்தமான உத்தியோகம் வேண்டுமா என்பது ஒரு தொகுதி. ஒருவர் சொன்னதை ஏற்பதைவிடத் தானே சோதித்துப் பார்த்துத் தெரிந்துகொள்ள ஆசை உண்டா என்பது வேறொரு தொகுதி. நம் பக்கத்துத் தாய் தகப்பன்மார்களைக் கேட்டால் இரண்டாவதைத்தான் சயன்ஸ் பற்று என்பார்கள். பையன் டாக்டராக வேண்டும், பெண் இஞ்சினீயராக வேண்டும் என்பதே அவர்கள் கண்ட விஞ்ஞானம். அந்த ஆசை தப்பென்று நாம் சொல்லவில்லை. ஆனால் அந்த ஆசையுள்ள பிள்ளை ஊர்க் கண்மாயைப் பற்றிக் கவலைப்படும் என்று எதிர்பார்ப்பதற்கு ஏதாவது நியாயமிருக்கிறதா? அந்தப் பிள்ளைக்குச் சயன்ஸ் என்பது ஊரை விட்டு வெளியேறுவதற்கான ரெயில் டிக்கெட்டு.

உலகக் கணக்கு ஒன்றும் இருக்கிறது. 2006-ல் 57 தேசங்களில் 15 வயதுப் பிள்ளைகள் 4 லட்சம் பேருக்கு மேல் வைத்து "பிசா" என்னும் பரீட்சை நடத்தினார்கள். அதிலிருந்து 2009-ல் வெளியிட்ட அறிக்கையில், சயன்ஸ் நன்றாய்த் தெரிந்த பிள்ளைகளுக்குச் சுற்றுச்சூழல் கேடுகளைப் பற்றி அதிகம் தெரிந்திருக்கிறது, பொறுப்புணர்ச்சியும் அதிகம் என்று கண்டார்கள். அதைவிட நாம் கவனிக்கத்தக்கது மற்றொன்று. இன்னும் 20 வருஷத்தில் எல்லாம் தானாகச் சரியாய்ப் போய்விடும் என்று அதிகமாய் நம்பியவர்கள் சயன்ஸ் குறைவாய்த் தெரிந்த பிள்ளைகளே. தெரியாதவனுக்குத்தான் தைரியம் அதிகம்! நம் நாட்டில் பின்னர் 2009-ம் வருஷப் பரீட்சையின் தொடர்ச்சியில் தமிழ்நாடும் இமாசலப் பிரதேசமும் மாத்திரம் கலந்துகொண்டன. இரண்டும் ஏறக்குறையக் கடைசியில் நின்றன. அதன் பிறகு 2012, 2015, 2018 பரீட்சைகளுக்கு இந்தியா போகவேயில்லை. காய்ச்சல் காட்டிய தெர்மாமீட்டரை உடைத்துப் போடுவது நமது பழைய வைத்தியந்தானே?

இனி விஷயத்தின் வேருக்கு வருவோம். நம் ஜனங்களுக்குத் "தீட்டு" என்றால் என்னவென்று ஆயிரம் வருஷமாய்த் தெரியும். "மாசு" என்றால் என்னவென்று இன்னும் தெரியாது. இந்த இரண்டு வார்த்தைக்கும் உள்ள தூரந்தான் விஞ்ஞான மனப்பான்மைக்கும் சுற்றுச்சூழல் மனப்பான்மைக்கும் உள்ள சம்பந்தம் என்று நாம் சொல்லுவோம். தீட்டு என்பது தண்ணீரில் என்ன கிடக்கிறது என்று பார்ப்பதில்லை. யார் கை பட்டது என்று பார்க்கிறது. மாசு என்பது யார் கை என்று பார்ப்பதில்லை. தண்ணீரில் என்ன கிடக்கிறது என்று பார்க்கிறது. 1927-ம் வருஷம் மார்ச்சு 20-ந் தேதி மகாத் என்னும் ஊரில் டாக்டர் அம்பேத்கர் தலைமையில் தாழ்த்தப்பட்ட தோழர்கள் சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் குடித்தார்கள். உடனே குளம் கெட்டுவிட்டது என்று மேல் ஜாதியார் சொல்லி, அதைச் "சுத்தம்" செய்தார்கள். எதைக்கொண்டு? நூற்றெட்டுக் குடங்களில் பாலும், தயிரும், பசுஞ்சாணியும், மூத்திரமுமாய்க் கொண்டுவந்து அந்தக் குளத்தில் கொட்டிச் சுத்தம் செய்தார்கள். மனிதன் கை வைத்தால் அசுத்தம், சாணியைக் கரைத்தால் சுத்தம்! இந்தப் புத்தியை வைத்துக்கொண்டு ஒரு ஜன சமூகம் தன் ஆற்றையும் குளத்தையும் எப்படிக் காப்பாற்றும்?

இது பழைய கதை என்று யாரும் தள்ளிவிட வேண்டாம். பாபநாசத்தில் பாவம் தீரக் குளித்துவிட்டு உடுத்திய துணியைத் தாமிரபரணியிலேயே விட்டுவிட்டுப் போகிறார்களே, அந்தத் துணி எங்கே போகும் என்று யோசித்தார்களா? பாவம் எங்கே போகும் என்பதற்கு மாத்திரம் கணக்கிருக்கிறது. 2025-ம் வருஷக் கும்பமேளாவின் போது, பிரயாகையில் பல இடங்களில் தண்ணீரில் மலக்கிருமியின் அளவு குளிப்பதற்கு வைத்த வரம்பை மீறியிருந்தது என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே பசுமைத் தீர்ப்பாயத்தில் அறிக்கை கொடுத்தது. வரம்பாவது, 100 மில்லி லிட்டருக்கு 2500 கிருமி. உடனே அந்த மாகாணத்து முதல் மந்திரி அது குளிக்க மாத்திரமல்ல, ஆசமனம் செய்யவும் தக்கது என்று சட்டசபையில் பேசினார். பிறகு அதே வாரியம் வேறுவிதமாய்க் கணக்குப் போட்டு, தண்ணீர் குளிக்கத்தக்கதாகவே இருந்தது என்று மற்றோர் அறிக்கை கொடுத்தது. எது சரி என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால், எந்த இடத்தில், எந்த நாளில், எத்தனை தடவை தண்ணீர் எடுத்தார்கள் என்று கேட்க வேண்டும். அப்படிக் கேட்கிற பிள்ளைக்குத்தான் சயன்ஸ் வந்தது என்று நாம் ஒப்புக்கொள்ளுவோம். கங்கை என்றவுடன் கன்னத்தில் போட்டுக்கொள்ளுகிற பிள்ளை எம்.எஸ்.ஸி. பாஸ் செய்திருந்தாலும் நமக்கு ஒன்றுதான்.

நிற்க, நமது சொந்தச் சீமையைப் பார்ப்போம். கண்டரமாணிக்கம் முதலான செட்டிநாட்டு ஊர்கள் ஆறில்லாத ஊர்கள். வானம் பார்த்த பூமி. முன்னிருந்தவர்கள் மழைத் தண்ணீரை ஊருணியிலும் கண்மாயிலும் தேக்கிப் பிழைத்தார்கள். பெரிய வீடுகளின் கூரைகளை வளவுக்குள் சரியும்படி போட்டு, விழுகிற தண்ணீரை அண்டாவில் பிடித்துக்கொண்டார்கள். 2003-ல் சர்க்கார் எல்லா வீட்டுக்கும் மழைநீர்ச் சேமிப்பு கட்டாயம் என்று சட்டம் செய்தபோது இந்தப் பக்கத்தார் சிரித்திருக்கலாம். அதற்காக எல்லாப் பழமையும் விஞ்ஞானமே என்று சொல்லக் கிளம்பியிருப்பவர்களோடு நாம் சேரப் போவதில்லை. அதே ஊருணிகளில் எத்தனையில் எல்லா ஜாதியாரும் இறங்க முடிந்தது என்பதையும் அவர்களே சொல்லட்டும். அந்த வளவு வீடுகளின் தேக்குத் தூண்களெல்லாம் பர்மாக் காடுகள் என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும். தன் வீட்டுத் தண்ணீரைச் சேர்க்கத் தெரிந்தவனுக்குக் கடலுக்கு அப்பாலுள்ள காட்டைப் பற்றி எண்ணத் தெரியவில்லை. அந்தக் காலத்தில் அதை எண்ணச் சொன்னவரும் இல்லை.

இந்தச் சீமையில் சயன்ஸ் இல்லை என்றும் சொல்ல முடியாது. காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்திற்கு 1948 ஜூலையில் பண்டித நேரு அஸ்திவாரக் கல் நாட்டினார். 1953-ல் அது திறக்கப்பட்டது. அதற்காக டாக்டர் அழகப்ப செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். கோயிலுக்குக் கோபுரம் கட்டுவதே தர்மம் என்றிருந்த இடத்தில் இது ஒரு பெரிய காரியமேயாகும். குன்றக்குடி அடிகளார் காவி கட்டியவர், கடவுள் உண்டென்பவர். என்றாலும் அந்த நிலையத்து விஞ்ஞானிகளைக் கிராமத்திற்கு அழைத்துவந்து ஊர் முன்னேற்றத்திற்குத் திட்டம் போட்டார். கட்சிபேதம் பார்த்து நாம் இதை மறைக்க வேண்டியதில்லை. இவ்வளவும் இருந்தும், நம் பிள்ளைகளின் மனத்தில் சயன்ஸ் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பதற்கு ஒரு சாட்சி சொல்லுகிறோம்.

2017-ல் சீமைக் கருவேலை அடியோடு ஒழிக்க வேண்டுமென்று ஒரு பெரிய கிளர்ச்சி எழுந்தது. மதுரை ஐக்கோர்ட்டுக் கிளை அகற்றும்படி உத்தரவிட்டது. அந்த வருஷமே சென்னையில் ஐக்கோர்ட்டு அதை நிறுத்தி வைத்து, நிபுணர்கள் ஆராயட்டும் என்றது. இந்த மரம் மத்திய, தென் அமெரிக்கப் பிரதேசங்களிலிருந்து வந்தது. நம் பக்கத்தில் விறகுக்காகப் பரப்பப்பட்டது. கண்மாய்க்குள் புகுந்து அடர்ந்துகொள்ளுகிறது, மற்றச் செடிகளை முளைக்கவிடுவதில்லை, ஆழமாய் வேர்விடுகிறது என்பதெல்லாம் உண்மையான குற்றங்கள். சிவகங்கை, ராமநாதபுரம் ஜில்லாக்களில் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கிற ஏழைகளுக்கு அதுவே சோறு என்பதும் உண்மை. ஆனால் செல்போன்களில் பறந்ததென்ன? அந்த மரம் காற்றிலுள்ள ஈரத்தையெல்லாம் குடித்துவிடுகிறது, பிராண வாயுவே விடுவதில்லை, அதனால்தான் மழை பெய்யவில்லை என்பவைகளே. பச்சை இலையுள்ள எந்தச் செடியும் வெயிலில் பிராண வாயு விடும் என்று பாடப்புஸ்தகத்தில் இருக்கிறது. அதைப் பகலில் பரீட்சையில் எழுதி மார்க்கு வாங்கிய பிள்ளையே, சாயங்காலம் இந்தப் புரளியைப் பத்துப் பேருக்குத் தள்ளிவிட்டது. சுற்றுச்சூழல் பற்று இல்லாமல் அல்ல, அதிகமாயிருந்ததால்தான் தள்ளிவிட்டது. சயன்ஸில் மார்க்கு இருந்தது, சூழலில் அன்பு இருந்தது, நடுவில் "அது எப்படித் தெரியும்?" என்ற ஒரு கேள்வி மாத்திரம் இல்லை. அன்பு தனியே போனால் எந்த வதந்திக்காரனும் அதன்மேல் ஏறிச் சவாரி செய்யலாம் என்பதற்கு இதைவிட வேறென்ன அத்தாட்சி வேண்டும்?

இதற்கு நேர் எதிரான ஒரு காட்சியும் இந்த ஜில்லாவிலேயே இருக்கிறது. திருப்பத்தூர்ப் பக்கம் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம் என்பது 1977-ல் ஏற்பட்டது. வேட்டங்குடிப்பட்டி, பெரிய கொள்ளுக்குடிப்பட்டி, சின்னக் கொள்ளுக்குடிப்பட்டிக் கண்மாய்கள் சேர்ந்து 38 ஹெக்டேர் சில்லறைதான். நத்தைகுத்தி நாரையும், நீர்க்காகமும், அரிவாள்மூக்கனும், கொக்கும் மழைக்காலத்தில் அங்கே வந்து கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. தீபாவளியும் அந்தச் சமயத்தில்தான் வருகிறது. கொள்ளுக்குடிப்பட்டி ஜனங்கள் பல வருஷங்களாய்த் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. 2018-ல் சுப்ரீம் கோர்ட்டு வெடிக்கு இரண்டு மணி நேரம் என்று வரம்பு கட்டியபோது நாடெங்கும் மதத்திற்கு ஆபத்து என்று கூச்சல் போட்டவர்கள் இருந்தார்கள். இந்த ஊர்ப் பிள்ளைகளோ அதற்கு வெகு காலம் முன்பே ஒரு சத்தமும் இல்லாமல் நிறுத்தியவர்கள். வெடி வெடித்தால் தாய்ப்பறவை எழும்பிப் போகிறது, குஞ்சு விழுந்து சாகிறது என்பதைக் கண்ணால் பார்த்தவனுக்குக் கோர்ட்டு எதற்கு?

வேடந்தாங்கலில் இதைவிட அழகான கதை. பறவைகளைத் துரைமார் சுட்டபோது, 18-ம் நூற்றாண்டின் கடைசியிலேயே ஊரார் கலெக்டரிடம் முறையிட்டுத் தடை வாங்கினார்கள். ஏனென்றால் எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் பாய்ந்த வயல் நன்றாய் விளைகிறது என்று கண்டிருந்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் செய்த இந்த ஆராய்ச்சிக்கு எந்த யூனிவர்சிட்டியும் பட்டம் கொடுக்கவில்லை.

உடனே பக்தர்கள் குறுக்கே வந்து, "ஐயனார் கோயில் காட்டை யார் காத்தது? கடவுள் பயந்தானே!" என்பார்கள். கோயில் காடுகளில் பல அரிய மரங்கள் பிழைத்தன என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பயம் எல்லைக் கல்லோடு நின்றுவிடுகிறதே! கல்லுக்கு இப்பால் உள்ள மரம் ஐயனாருடையதல்ல என்றால் கோடாலி போடலாமா? தவிரவும், சாமிக்குச் சிமெண்டு மண்டபம் வேண்டுமென்று ஒரு பூசாரி குறி சொல்லிவிட்டால், மரத்தைக் காத்த அதே பக்தி மரத்தை வெட்டத் துணியுமே, அப்போது எங்கே போய் முறையிடுவது? பயத்தால் காத்ததற்குக் காரணம் கேட்க முடியாது. காரணம் இல்லாததை எவனும் எந்தப் பக்கமும் திருப்பலாம்.

மற்றொரு பக்கத்தார், "உங்கள் சயன்ஸ்தானே உலகத்தைக் கெடுத்தது? 1984-ல் போபாலில் விஷவாயு விட்டது யார்? பிளாஸ்டிக்கு யார் செய்தது?" என்று கேட்கிறார்கள். இது நியாயமான கேள்வி. சயன்ஸ் என்றால் மனிதன் இயற்கையை ஜெயிக்கும் ஆயுதம், எது கெட்டாலும் நாளைக்கு ஒரு மிஷின் வந்து சரிசெய்துவிடும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தோமானால், அவர்களுடைய சுற்றுச்சூழல் பொறுப்பு குறையத்தான் செய்யும். அமெரிக்காவில் டன்லப் முதலியவர்கள் 1978-ல் செய்து 2000-ல் திருத்திய பேர்போன கேள்வித்தாளில், மனிதன் சாமர்த்தியமே பூமியைக் காப்பாற்றிவிடும் என்று நம்புவதைச் சூழலுக்கு விரோதமான மனப்பான்மை என்றே எண்ணுகிறார்கள். "சயன்ஸ் பார்த்துக்கொள்ளும்" என்பதும் "சாமி பார்த்துக்கொள்ளும்" என்பதும் நமக்கு ஒரே வாக்கியந்தான். பெயர்ச்சொல் மாத்திரம் வேறு. ஆனால் கெடுதலைக் கண்டுபிடித்துச் சொன்னது யார்? குளிர்சாதனப் பெட்டிக்குள் இருந்த வாயு மேலே போய் ஓசோன் படலத்தைத் தின்னும் என்று 1974-ல் மோலினா, ரோலண்டு என்ற இருவர் சொன்னார்கள். 1985-ல் தென் துருவத்தில் படலம் மெலிந்து போனதை அளந்து காட்டினார்கள். 1987-ல் மாண்ட்ரியலில் தேசங்கள் கூடி ஒப்பந்தம் செய்தன. எந்த ஜோசியனாவது, எந்தச் சாமியாடியாவது இதை முன்னதாகச் சொன்னதுண்டா?

நமக்குப் பக்கத்திலுள்ள கேரளத்தில் 1962-ல் ஏற்பட்ட சாஸ்திர சாகித்திய பரிஷத்து, சயன்ஸை மலையாளத்தில் ஜனங்களுக்குச் சொல்லத்தான் ஆரம்பித்தது. கடைசியில் அமைதிப் பள்ளத்தாக்குக் காட்டை அணையிலிருந்து காக்கும் போராட்டத்தில் முன்னணியில் நின்றது. 1984-ல் அது தேசியப் பூங்காவாயிற்று. இங்கேயும் 1980-ல் தோன்றிய தமிழ்நாடு அறிவியல் இயக்கம் "துளிர்" என்ற பத்திரிகை நடத்திப் பிள்ளைகளை ஆராயத் தூண்டுகிறது. அதைத் தம் பள்ளிக்கு வரவழைக்காத உபாத்தியாயர்கள், சரஸ்வதி பூசையன்று மைக்ராஸ்கோப்புக்குச் சந்தனப் பொட்டு வைப்பதையாவது நிறுத்தட்டும். கண்ணாடியிலே சந்தனம் பட்டால் கிருமி தெரியாது.

கண்டரமாணிக்கத்து உபாத்தியாயர்களுக்கும், சுற்றிலுமுள்ள ஊர்களின் உபாத்தியாயர்களுக்கும் நாம் சொல்லக்கூடிய காரியம் மிகவும் சிறியது. 1982-ல் குவாலியரில் மஞ்சா என்பவரும் அவரது கூட்டாளிகளும் ஒரு சுலபமான சோதனையைக் கண்டுபிடித்தார்கள். ஒரு சின்னச் சீசாவில் மருந்து தோய்த்த காகிதத் துண்டு இருக்கும். தண்ணீரை ஊற்றி மூடி, வெதுவெதுப்பான இடத்தில் ஓர் இரவோ இரண்டு நாளோ வைத்தால், மலத்தோடு சேர்ந்து வருகிற கிருமிகள் உண்டாக்கும் கந்தக வாயு அதிலுள்ள இரும்போடு கலந்து தண்ணீர் கறுத்துவிடும். கறுத்தால் சந்தேகம் என்றுதான் அர்த்தம், தீர்ப்பு அல்ல. சில இடத்துத் தண்ணீரில் இயற்கையாகவே கந்தக வாயு கலந்திருக்கும். ஆகையால் இரண்டு மூன்று தடவை பார்க்க வேண்டும், பெரிய சோதனைச்சாலைக்கும் அனுப்ப வேண்டும். சோதித்த சீசாவைப் பெரியவர்களே பிளீச்சிங் பவுடர் போட்டுக் கொட்ட வேண்டும். ஊருணி, கோயில் தெப்பம், சேரிக் குழாய், செட்டியார் வீட்டுக் கிணறு ஆகிய நான்கிலிருந்தும் பிள்ளைகள் தண்ணீர் எடுத்து, சீசாவின் மேல் எண் மாத்திரம் ஒட்டி வைக்கட்டும். எது எங்கேயிருந்து வந்தது என்று கறுப்பதற்கு முன் ஒருவருக்கும் தெரியக்கூடாது. மழைக்கு முன் ஒரு தடவை, மழைக்குப் பின் ஒரு தடவை பார்த்துப் பலனைப் பஞ்சாயத்துப் பலகையில் எழுதட்டும். தெப்பத்துத் தண்ணீர் கறுத்தால் கோபிக்க நாலு பேர் வருவார்கள். சேரிக் குழாய்த் தண்ணீர் கறுத்தால் ஒருவரும் வர மாட்டார்கள். அதையும் பிள்ளைகள் குறித்துக்கொள்ள வேண்டியதே.

பலன் எதுவாயிருந்தாலும், தேதியும் இடமும் போட்டு நமக்கு எழுதியனுப்பினால் பிரசுரிப்போம். கையெழுத்துக் கோணலாயிருந்தாலும் பாதகமில்லை.